மூன்று நாளில் இரண்டு கிலோ

யூன் 2, திங்கள்

விடியும்போதே கச்சான் காற்று. தென்னோலைச் சத்தத்தில் எழும்பினேன். முற்றத்து மணல் அடுப்படி வரை வந்துவிட்டது.

பாக்கியம்:
நிறை 61.4 (காலை 6.10, வெறுவயிறு)
பிரசர் 118/74
குளிசைப் பெட்டி, காலை அறை: வெறுமை. சரி.
தண்ணீர்: ஒன்றரை லீற்றர் போத்தல் நிரப்பி வைத்தேன். கோடுகள் அழிந்திருந்தன, மறுபடி கீறினேன்.
தலையணை 2

மனைவி பா. மாசியில் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் இந்த ஐந்தையும் எழுதி வருகிறேன். ஆஸ்பத்திரித் துண்டுச் சீட்டில் இருந்த நோயின் பெயர் இதயச் செயலிழப்பு. வாசித்ததும் அங்கேயே வாங்குப் பலகையில் உட்கார்ந்துவிட்டேன். பிறகுதான் அந்த இளம் டொக்டர் விளக்கினார். இதயம் நின்றுபோவது அல்ல, பம்ப் பலவீனம். தள்ள முடியாத தண்ணீர் தேங்கும், முதலில் காலில், பிறகு சுவாசப்பையில்; அப்போது படுக்கத் தலையணை கூடும். அதைச் சிறுநீராக இறக்கத்தான் சலம் போகும் குளிசை, அந்த வெள்ளை மாத்திரை. அதற்குத்தான் உப்பும் தண்ணீரும் அளவாக. சில நாளில் கூடும் நிறை சதை அல்ல, தண்ணீர். "மூண்டு நாளில ரெண்டு கிலோ கூடினா கிளினிக் நாள் எண்டு பார்க்காதீங்க ஐயா, அண்டைக்கே கூட்டிட்டு வாங்க." கிளினிக் கொப்பியின் பின் அட்டையில் இதைச் சிவப்பு மையால் எழுதியிருக்கிறேன்.

மாலை, பா.வின் தம்பி வந்தார். கண்ணகி அம்மன் கோயில் வண்ணக்கர். கோயில் நிர்வாகம் அவர் கையில். நேற்றுக் கதவு திறந்து வருடச் சடங்கு தொடங்கியாயிற்று. வெள்ளிக்கிழமை பா.வின் தாய்வழிக் குடிக்குரிய நாள். அம்மனுக்குப் பொங்க நெல் குற்ற வேண்டும். முதல் உலக்கை குடியின் மூத்த பெண்ணுக்கு. ஆறு வருடமாக அது இவள். "அக்கா ஏழு குத்துக் குத்தினாக் காணும் அத்தான். மிச்சத்தப் புள்ளையள் பார்ப்பாளுகள்" என்றார். டொக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, என்று தொடங்கினேன். அவர் பந்தல் கதைக்குப் போய்விட்டார்.

பா. முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். நான் என்ன சொல்ல. வீடு அவள் தாய் கொடுத்த வீடு, கோயில் அவள் குடியின் கோயில். நான் வேறு குடி, மணம் முடித்து வந்தவன். நாற்பத்து நான்கு வருடமாகியும் கோயில் விடயத்தில் நான் வாய் திறந்தால் எல்லோரும் மரியாதையாகக் காத்திருந்துவிட்டுத் தங்கள் பேச்சைத் தொடர்வார்கள்.

யூன் 3, செவ்வாய்

காற்று குறையவில்லை. கண்ணில் தூசி, வலக்கண் சிவப்பு.

நிறை 61.9. அரைக் கிலோ கூட. போன வாரம் முழுதும் 61ஐத் தாண்டவில்லை.
பிரசர் 122/76. குளிசை சரி. தலையணை 2.

தராசு நிற்கும் இடத்தில் சீமெந்து வெடித்திருக்கிறது. நீர்மட்டக் கருவி வைத்துப் பார்த்தேன், சாய்வு உண்டு. சாமி அறைக்கு மாற்றினேன். நில அளவைத் திணைக்களத்தில் முப்பத்தொரு வருடம் படம் வரைந்தவன். அளவு ஒத்துவராவிட்டால் முதலில் கருவியைப் பார் என்பது பழகிய கை.

பா. காலை ஏழுக்குக் கோயிலுக்குப் போய் ஒரு மணிக்கு வந்தாள். படி ஏறும்போது தூணைப் பிடித்தாள். வெயில் என்றாள். வெயில்தான்.

வாங்க வேண்டியது: கற்பூரம், என் கண்ணுக்கு மருந்து, தராசுக்குப் பற்றரி.

யூன் 4, புதன்

நிறை 62.6. புதுப் பற்றரி போட்டும் அதே.
குளிசை சரி. தலையணை 3. கேட்டேன். கழுத்து உளைவாம்.

ஏறாவூரிலிருந்து மோட்டார் சைக்கிளில் மரக்கறி கொண்டுவரும் காதர் நானா பத்து மணிக்கு வந்தார். அவருடைய எடைப் படிக்கற்களைக் கொஞ்ச நேரம் தரச் சொன்னேன்.

"என்ன சேர், கத்தரிக்கா எடுக்காமப் படிக்கல்ல எடுக்கிறீங்க. என்ட தராசில நம்பிக்கை இல்லியா?"

என்னுடைய தராசில்தான் இல்லை என்றேன். ஐந்து கிலோ வைத்தேன்: 5.0. பத்து: 10.0. பிறகு அவரையே ஏற்றினேன். ஏறி நின்று, பொஞ்சாதிக்குச் சொல்லிப்போடாதீங்க சேர் என்று சிரித்தார். விடயத்தைச் சொன்னதும் சிரிப்பு நின்றது. அவருடைய வாப்பாவுக்கும் இதே இதய வருத்தம் இருந்ததாம். "கணுக்காலுக்கிட்ட பெருவிரலால அமத்திப் பாருங்க. குழி விழுந்து எழும்பாட்டி அது தண்ணி." கத்தரிக்காய் அரைக் கிலோ எடுத்தேன்.

மதியம் பா. காலை நீட்டிப் படுத்திருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கையைக் கண்டதும் காலை இழுத்துக்கொண்டாள். விரத காலத்தில் ஆண் கை காலில் படக்கூடாதாம். அப்படி ஒரு வழக்கம் இருக்கிறதா என்று யாரிடம் போய்க் கேட்பது. சேலைக் கரை கணுக்காலை மூடியிருந்தது. குழி பார்க்க முடியவில்லை.

தராசு சரியென்றால் பிழை எங்கே. நான் வாசிக்கும் முறையிலா?

யூன் 5, வியாழன்

காலை மேகம். மழை இல்லை.

நிறை 63.5. குளிசை சரி.

மூன்று தரம் ஏற்றி இறக்கினேன். மூன்றாம் தரம் ஏச்சு. "ஒவ்வொரு நாளும் மாட்ட நிறுக்கிற மாதிரி என்னை நிறுக்கிறீங்க."

திங்களிலிருந்து 2.1. சிவப்பு மையில் எழுதியது இரண்டு.

9.20 கிளினிக் கொப்பியில் உள்ள இலக்கத்துக்குப் போன் எடுத்தேன். மணி போனது. என்ன சொல்வது என்று எழுதி வைக்காமல் எடுத்துவிட்டதால் வைத்துவிட்டேன். எழுதினேன்: "வணக்கம். என் மனைவிக்கு நிறை கூடியுள்ளது. மூச்சு பரவாயில்லை." பரவாயில்லை என்று எப்படி எழுதினேன், நான் என்ன டொக்டரா. அந்த வரியை அடித்தேன். 9.50 மறுபடி எடுத்தேன். ஒரு தாதி மிஸி, பின்னால் பெரிய சத்தம், சொல்லுங்க சொல்லுங்க என்றார். கிளினிக் எந்த நாள் என்று மட்டும் கேட்டேன். பதினேழாம் திகதி என்றார். எனக்குத் தெரிந்த திகதி.

வாசிப்புகள் தாவும்போது தனி வாசிப்பை நம்பாதே, மூன்றின் சராசரி எடு. அதுவும் அலுவலகத்தில் படித்தது. 61.9, 62.6, 63.5. சராசரி 62.67. திங்களைக் கழித்தால் 1.27. இரண்டுக்குள்.

மனம் கொஞ்சம் ஆறியது. பகல் ஒரு மணி நேரம் நித்திரை.

யூன் 6, வெள்ளி

நிறை 64.1.

பா. விடியும்வரை கதிரையில்தான் இருந்திருக்கிறாள். படுத்தால் மூச்சு முட்டுகிறதாம். இனிச் சராசரிக்கு ஒன்றும் இல்லை. ஆட்டோ பிடித்து வருகிறேன், ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றேன். தலை முழுகி, மஞ்சள் சேலை உடுத்து நின்றாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து என் கையில் கொட்டினாள். வெள்ளைக் குளிசை ஆறு. சலம் போகும் குளிசை.

"ஞாயித்துக்கிழமையில இருந்து போடல்ல. கோயில் வளவுக்குள்ள கக்கூசு இல்ல. வெளிய போனா மறுகாத் தலை முழுகி, உடுப்பு மாத்தித்தான் உள்ள வரணும். இதப் போட்டா மணிக்கு ரெண்டு தரம் போகுது. இத நான் ஆருக்கிட்டச் சொல்ற? மத்தக் குளிசை எல்லாம் போட்டனான்தான்."

பெட்டி வெறுமையாக இருந்தால் 'சரி' என்று ஐந்து நாள் எழுதியிருக்கிறேன். பெட்டியைப் பார்த்தேன். அவள் விழுங்குவதைப் பார்க்கவில்லை.

இப்போதே ஒன்றைப் போடு என்றேன். குத்திவிட்டு வந்து போடுகிறேன் என்றாள். தம்பி வாசலில் ஆட்டோவோடு கூப்பிட்டார். அவரிடம் சொல்லவேண்டாம் என்று கண்ணைக் காட்டினாள்.

தலையாட்டினேன். மறைக்காமல் எழுதி வைக்கிறேன். தலையாட்டினேன்.

யூன் 7, சனி

நகரத்து ஆஸ்பத்திரி. பெண்கள் வாட்டுக்கு வெளியே வாங்கு. பேனை வாங்கிக்கொண்டேன்.

நேற்று நடந்தது. பெண்கள் உரலைச் சுற்றி, குரவைச் சத்தம். ஆண்கள் கயிற்றுக்கு இப்பால். நான் நின்ற இடத்திலிருந்து பா.வின் கையும் உலக்கையின் நுனியும்தான் தெரிந்தன. எண்ணினேன். நான்காவது குத்துக்குப் பிறகு உலக்கை வேறு கைக்கு மாறியது. குரவை நிற்கவில்லை, ஆகையால் ஒன்றுமில்லை என்று நினைத்தேன். பிறகு கயிற்றை உயர்த்தி, அவளைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். உதடு நீலம். வாயில் நுரை, லேசான இளஞ்சிவப்பு. அம்புலன்ஸ் வரும் வரை தம்பி மடியில் நிமிர்த்தி வைத்திருந்தார். நான் அவள் செருப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

சுவாசப்பையில் தண்ணீர். முகமூடியில் ஒட்சிசன். சலம் போக ஊசி. தம்பி மகள் கூட நிற்கிறாள். ஆண்களைப் பார்வை நேரத்தில்தான் விடுவார்கள்.

டொக்டர் அதே இளைஞர். எப்போது தொடங்கியது என்றார். இந்தக் கொப்பியைக் கொடுத்தேன். நின்றபடியே புரட்டினார். இப்பிடி ஒருத்தரும் எழுதிக் கொண்டு வந்ததில்ல ஐயா என்றார். பிறகு விரல் ஓரிடத்தில் நின்றது.

"வியாழனே அறுபத்து மூண்டரை எண்டிருக்கு."

சராசரியைப் பற்றிச் சொன்னேன். கடைசி வரை கேட்டார். ஏசவில்லை. "தண்ணிக்குச் சராசரி இல்ல ஐயா" என்று மட்டும் சொல்லிக் கொப்பியைத் திருப்பித் தந்தார். ஏசியிருக்கலாம்.

யூன் 8, ஞாயிறு

மதியம் பார்த்தேன். முகமூடிக்குள் கண் மூடியிருந்தாள். கட்டிலோரப் பையில் சலம் 1,800 மி.லீ. எழுதினேன். வேறென்ன செய்ய.

தம்பி வெளியே வந்து அழுதார். "ஏழு குத்துத்தானே எண்டு நான்தான் கேட்டன் அத்தான். எனக்கு ஒருத்தரும் சொல்லல்லயே." எனக்குத் தெரியும் என்று சொல்ல வேண்டிய இடம். தோளில் கை வைத்தேன்.

காலையிலிருந்து தேநீர் ஒன்று. பசி இல்லை.

யூன் 9, திங்கள்

மேகம். காற்று விழுந்துவிட்டது. காலை பஸ்ஸில் வந்தேன்.

முகமூடி எடுத்து மூக்குக் குழாய். பேசுகிறாள், நாலு சொல்லுக்கு ஒரு மூச்சு. இதயத்துக்கு எக்கோ ஸ்கான் எடுத்தாயிற்று. பம்ப் மாசியில் இருந்ததைவிடப் பலவீனம். குளிசை கூடும். பழையபடி வருமா என்று கேட்டதற்கு, பார்ப்பம் ஐயா.

நாளை குளுத்தி. அம்மனைக் குளிர்வித்துக் கதவு அடைத்தால் இனி அடுத்த வைகாசிதான். பா. என் சட்டைக் கையைப் பிடித்தாள்.

"டொக்டரிட்டக் கேளுங்க. அரை நாள் விடச் சொல்லுங்க. கதவு அடைக்க முந்தி ஒருக்காக் கண்டிட்டு வாறன். அடுத்த வருசம் ஆரு கண்ட."

டொக்டரின் மேசைக்குப் போனேன். எனக்கு முன் ஐந்து பேர். என் முறை வந்தது. நிமிர்ந்து, என்ன ஐயா என்றார். நன்றி என்றேன். அவர் சிரித்தார். திரும்பி வந்தேன். விடக்கூடாது என்று தெரிந்து கேட்காமல் விட்டேனா, கேட்கப் பயந்து விட்டேனா. இப்போதும் தெரியவில்லை.

விடமாட்டாராம் என்று பா.விடம் சொன்னேன்.

என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை.

"நீங்க கேட்டிருக்கமாட்டீங்க."

நான் போத்தல் மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன்.

"வெள்ளிக்கிழமையும் போகாத எண்டு ஒரு சொல்லுச் சொல்லல்ல. சொல்லியிருந்தா நிண்டிருப்பன்."

பார்வை நேரம் முடிந்த மணி. வெளியே வாங்கில். அடுத்தது மாலை ஐந்துக்கு.