சுவேதா இல்லை, நிவேதா

என் அன்பு ஜெயராணி அக்காவுக்கு,

முதலில் நல்ல சேதி. திண்டிவனத்தில் நடந்த கலைப்போட்டியில் நம் பிள்ளைகளுக்குக் குழு நடனத்தில் முதல் பரிசு. இந்த வருஷத் தலைப்பு 'தண்ணீர்'. அடுத்த வாரம் விழுப்புரத்தில் மாவட்டப் போட்டி. கேட்டிருந்தால் மைதானத்தை ஒரு சுற்று ஓடிவிட்டு வந்திருப்பீர்கள். ஐம்பத்தெட்டு வயதிலும் உங்களுக்குச் சந்தோஷம் வந்தால் ஓடத்தானே தெரியும்?

நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. உங்கள் இடத்துக்கு இன்னும் யாரும் வரவில்லை. விளையாட்டுப் பீரியடில் பிள்ளைகள் தாங்களாகவே கோடு போட்டு கோ-கோ ஆடிக்கொள்கிறார்கள். சண்டை வந்தால் என்னிடம் ஓடி வருகிறார்கள். எனக்குத்தான் விதி ஒன்றும் தெரியாது.

மூன்று வருஷத்துக்கு முந்தைய அந்தப் போட்டியைப் பற்றித்தான் இன்றைக்கு எழுத வேண்டும், அக்கா. அப்போது தலைப்பு 'உழைப்பு'. வல்லத்துக்குப் பக்கத்தில் இருக்கிற நம் பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சரும் கிடையாது, டான்ஸ் டீச்சரும் கிடையாது. தலைமையாசிரியர் சுற்றறிக்கையை நீட்டியதும் ஆளாளுக்கு ஜன்னலைப் பார்த்தோம். விளையாட்டு ஆசிரியை நீங்கள் மட்டும் கையைத் தூக்கினீர்கள். வெளியே வந்ததும், வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகாத தமிழ் டீச்சரான என்னைப் பிடித்துக்கொண்டீர்கள். "பாட்ட நீ எழுது, தங்கச்சி. காலையும் கையையும் நான் பாத்துக்கறேன்" என்றீர்கள்.

தாளம் தெரியாமல் விசில் ஊதி நடனம் சொல்லிக்கொடுத்த ஒரே ஆள் நீங்களாகத்தான் இருப்பீர்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் எட்டுப் பேர். நாற்று நடுவது வந்தது, மல்லாட்டைச் செடியைக் கடலையோடு பிடுங்குவது வந்தது. செங்கல் அறுப்பது மட்டும் வரவில்லை. அப்போதுதான் மதில்மேல் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த நிவேதா கத்தினாள்.

"கல்லு அறுக்கறது அப்படி இல்ல டீச்சர்! ரொட்டி தட்டற மாதிரி பண்ணிக்கினு இருக்காங்க!"

வேறு யாராக இருந்தாலும் விரட்டியிருப்பார்கள். நீங்கள், "அப்படியா? எறங்கி வந்து காட்டுடி பாக்கலாம்" என்றீர்கள்.

அப்பா அம்மாவோடு செங்கல் சூளைக்குப் போய் அந்த வருஷம் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றுபோன பெண் அவள். குனிந்து மண்ணை அள்ளினாள், உருட்டினாள், அச்சில் அடித்தாள், வழித்தாள், கவிழ்த்தாள். கையில் மண்ணும் இல்லை, அச்சும் இல்லை. ஆனால் வரிசையாகக் கற்கள் காய்வது எங்கள் கண்ணுக்குத் தெரிந்தது. நீங்கள் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டீர்கள். அன்றிலிருந்து அவள் தினமும் வந்தாள். மற்ற எட்டுப் பேரும் அவளைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டார்கள்.

"மறுபடியும் பள்ளிக்கூடத்துல சேத்துடலாம்மா" என்று அவள் அம்மாவிடம் நீங்கள் கேட்டபோது, "பொங்கல் கழிச்சி சூளைக்குப் போய்டுவோம் டீச்சர், அப்புறம் எதுக்கு?" என்று சொல்லிவிட்டார்.

போட்டிக்கு முதல் நாள் சுவேதாவுக்கு அம்மை போட்டுவிட்டது. எட்டுப் பேர் இல்லாமல் மேடை ஏற முடியாது. நிவேதாவைக் கூட்டிக்கொண்டு போனோம். "பேர் மாத்தறதுக்கு அங்க கேட்டுக்கலாம், நீ போய்ப் பேசு" என்று என்னை அனுப்பிவிட்டு, பஸ்ஸில் வாந்தி எடுத்த பிள்ளைகளுக்கு முகம் கழுவிவிடப் போனீர்கள்.

நான் பேசவில்லை, அக்கா. பதிவு மேசையில் கூட்டம். பள்ளிக்கூடத்தில் படிக்காத பெண் என்று தெரிந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று பயம். சுவேதா பெயருக்கு நேராகக் கையெழுத்துப் போட்டேன். நிவேதாவைத் தனியாகக் கூப்பிட்டு, "யாராவது கேட்டா சுவேதான்னு சொல்லு" என்றேன். அவள் தலையாட்டினாள். உங்களிடம் வந்து, "பேசிட்டேன்க்கா" என்றேன்.

மற்ற பள்ளிகள் பட்டு மாதிரி மினுக்குகிற துணியும் பிளாஸ்டிக் அரிவாளுமாக வந்திருந்தார்கள். நம் பிள்ளைகள் பழைய சீருடையோடு ஆடினார்கள். கல் அறுக்கும் இடம் வந்ததும் பின்வரிசைக்காரர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். முதல் பரிசு நமக்குத்தான். சான்றிதழ் கொடுக்க ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார்கள். "சுவேதா" என்று கூப்பிட்டதும் நிவேதா எழுந்தாள். ஆனால் நகரவில்லை. உங்களைப் பார்த்தாள். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அவ்வளவுதான். நீங்கள் விறுவிறுவென்று மேடையேறி மைக்கை வாங்கினீர்கள்.

"இவ பேரு சுவேதா இல்லீங்க. நிவேதா. எங்க பள்ளிக்கூடத்துல இப்ப படிக்கல. கல்லு அறுக்கறத மத்த பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுத்ததே இவதான். பேர மாத்தி எழுதினது என் தப்பு."

பரிசு ரத்தானது. பஸ்ஸில் பிள்ளைகள் அழுதுகொண்டே வந்தார்கள். "ஏன்க்கா? யாருக்குமே தெரிஞ்சிருக்காதே" என்று நான் உங்களிடம் எரிந்து விழுந்தேன். தப்பு செய்தவள் நான், கோபமும் எனக்கு! நீங்கள் திட்டவில்லை. "அவ அவ்ளோ நல்லா ஆடினாளே, தங்கச்சி. அத வேற பேருக்கா குடுக்கறது?" என்று மட்டும் கேட்டீர்கள்.

அடுத்த வாரம் விளக்கம் கேட்டு உங்களுக்கு மெமோ வந்தது. "நானே போய்ச் சொல்லிடறேன்க்கா" என்றேன். "உனக்கு இன்னும் வேலை நிரந்தரம் ஆவல. நான் ரிடயர் ஆவப் போறவ, எனக்கு இன்னா பேஜாரு? நீ போய்க் கிளாஸப் பாரு" என்று சொல்லிவிட்டு, இரண்டே வரியில் பழியை ஏற்று எழுதிக் கொடுத்தீர்கள். நான் இரண்டாம் தடவை கேட்கவே இல்லை.

அந்த வாரமே நிவேதாவின் அம்மா பள்ளிக்கூடத்துக்கு வந்தார்.

"எம் பொண்ணு பேர மைக்குல சொன்னீங்களாமே டீச்சர்?"

"ஆமாம்மா."

"எல்லாருக்கும் கேட்டுச்சா?"

"ரோடு வரைக்கும் கேட்டுச்சு."

"சூளையில யாரும் அவளப் பேர் சொல்லிக் கூப்புட மாட்டாங்க. 'ஏ பொண்ணு'தான்" என்றார். பிறகு, "எங்க அக்கா வூட்டுல வுட்டுட்டுப் போறேன். சேத்துக்கோங்க" என்றார். அன்றைக்கும் நீங்கள் மைதானத்தை ஒரு சுற்று ஓடினீர்கள்.

நிவேதா இப்போது ப்ளஸ் ஒன் படிக்கிறாள், அக்கா. இந்த வருஷ நடனத்துக்குச் சனிக்கிழமைதோறும் வந்து பிள்ளைகளைப் பழக்கியவள் அவள்தான். ஏரியில் தண்ணீர் மொள்ளுவதை அவள் காட்டிக்கொடுத்த விதத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பரிசு வாங்கி வந்த மறுநாள், பிள்ளைகளை உட்காரவைத்து மூன்று வருஷத்துக்கு முன்னால் நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். பெயரை மாற்றியது நான்தான் என்றும் சொன்னேன்.

ஏழாம் வகுப்புக் காவியா உடனே கேட்டாள். "அப்ப ஜெயராணி மிஸ் மைக்குல 'என் தப்பு'ன்னு சொன்னது பொய்யா மிஸ்?"

பக்கத்தில் நின்ற நிவேதாவைப் பார்த்தேன். அவளுக்கு அன்றே எல்லாம் தெரியும். மூன்று வருஷத்தில் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை, வேறு யாரிடமும் சொன்னதும் இல்லை. வெளியே சொல்ல வேண்டாம் என்று நீங்கள்தான் சொல்லிவைத்தீர்களா? காவியாவுக்கு நீங்களாக இருந்தால் என்ன பதில் சொல்லியிருப்பீர்கள்?

போன ஞாயிற்றுக்கிழமை திண்டிவனத்தில் உங்கள் வீட்டில் உங்களுக்கு முதல் வருஷ நினைவு ஜெபம். உங்கள் வீட்டுக்காரர் அந்தோணி அண்ணன் உங்களைப் பற்றிப் பெருமையாகப் பேசிக்கொண்டே வந்தவர், திடீரென்று குரலைத் தாழ்த்தினார். "அவ சர்வீஸ்ல ஒரே ஒரு கறைம்மா, அந்த டான்ஸ் போட்டி மெமோ. அவ போய் அப்படிப் பண்ணுவாளான்னு இன்னிக்கி வரைக்கும் எனக்குப் புரியல" என்றார். வீட்டிலும் நீங்கள் சொல்லவில்லை! கட்டிய புருஷனிடமும் எனக்காக மறைத்திருக்கிறீர்கள். பிள்ளைகளிடம் சொல்லத் தெரிந்த எனக்கு, அவரிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சொல்லிக் கிளம்பி வந்துவிட்டேன்.

இனி அப்படி வர மாட்டேன், அக்கா. நம் பள்ளி ஆண்டு மலரில் இந்தக் கடிதம் அச்சாவதற்குள் உங்கள் வீட்டுக்குப் போய், அண்ணனையும் உங்கள் மகளையும் உட்காரவைத்து, "அந்த மெமோ எனக்கு வந்திருக்க வேண்டியது" என்று என் வாயால் சொல்வேன். கல்வி அலுவலகத்துக்கும் எழுதிக் கொடுப்பேன். அதைச் செய்துவிட்டுத்தான் பிள்ளைகளை விழுப்புரத்துக்குக் கூட்டிக்கொண்டு போவேன். இது சத்தியம்.

இப்படிக்கு,
நீங்கள் ஒரு நாளும் காட்டிக்கொடுக்காத
உங்கள் தங்கச்சி மல்லிகா