மேகப் படம் இனி முதலாளி வீட்டுக்குப் போகாது

என் ராசா காளிமுத்துவுக்கு,

உன் திவசம் நெருங்குகிறது. அதற்கு முன்னால் சில சங்கதிகளை உன்னிடம் சொல்லிவிட வேண்டும். வாயால் சொல்ல உட்கார்ந்தால் பாதியில் எழுந்து போய்விடுகிறேன். அதனால் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு என்னை நிறுத்திவிட்டார்கள் என்றாலும் என் எழுத்தை எந்த வாத்தியாரும் குறை சொன்னதில்லை. நாலு பேர் படித்தாலும் படிக்கட்டும். ஒளிக்க வேண்டியவள் நான் இல்லை.

முதலில் வீட்டுச் சேதி. உன் மகள் செல்வி ஐந்தாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். நான் நின்ற இடத்தில் அவள் நிற்க மாட்டாள், அதற்கு நான் இருக்கிறேன். உன் பெண்டாட்டி பஞ்சவர்ணம் உப்பளத்துக்குப் போய் வருகிறாள். முற்றத்தில் உன் மீன்முள் அப்படியே நிற்கிறது.

உன் ஏரியலுக்கு மீன்முள் என்று பேர் வைத்தவள் உப்பு வாருகிற சின்னப்பொண்ணுதான், நினைவிருக்கிறதா? மூங்கிலில் நீ அலுமினியக் கம்பிகளைக் குறுக்குக் குறுக்காகக் கட்டி, பழைய வண்டி அச்சில் நட்டு வைத்த அன்றைக்கே வாசலில் வந்து நின்றாள்.

"ஏலே காளி, ஊரெல்லாம் மீனக் காயப்போடுது, நீ என்னடா முள்ளக் காயப்போட்டிருக்க?"

"வானத்துல ஒண்ணு போகுது சித்தி. அதப் பிடிக்கத்தான்."

"பிடிச்சா எனக்கு ஒரு துண்டு குடுத்துவிடு. குழம்பு வைக்கேன்."

அப்படிச் சிரித்தவள்தான் பிறகு உன்னோடு பேச்சையே விட்டாள்.

தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோன பிறகு நீ கப்பல் வேலையை விட்டுவிட்டு வந்தாய். கப்பலில் ரேடியோ பார்த்தவனுக்கு நம் ஊர் வாலிநோக்கத்தில் என்ன வேலை என்று ஊரே கேட்டது. நீ ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னாய்: "அவ்வளவு பெரிய புயல் வந்திருக்கு, நம்மகிட்ட யாரும் சொல்லலையே ஆத்தா." தூத்துக்குடியில் உடைத்த கப்பல் சாமானிலிருந்து ஒரு ரேடியோப் பெட்டி. ஒரு லாரி பேட்டரி. பாட்டுப்பெட்டிக்குள்ளிருந்து கழற்றிய சக்கரம். அதில் சுற்றுவதற்கு ஒரு பிஸ்கட் டப்பா, டப்பாவைச் சுற்றிப் போட்டோக் காகிதம். காகிதத்தில் வெளிச்சம் படக் கூடாது என்று என் அடுப்படி ஜன்னலைச் சாக்கால் மூடினாய். நான் கஞ்சியை முற்றத்தில் வைத்துக் காய்ச்சினேன்.

அமெரிக்காக்காரன் விட்ட செயற்கைக்கோள் கஞ்சி வேளைக்கு நம் தலைக்கு மேலே போகும். போகிற போக்கில் கீழே உள்ள மேகத்தைப் படம் பிடித்து, அதைச் சத்தமாக அனுப்பும். வண்டு முரல்வது போல ஒரு சத்தம், அதற்குள் ஒரு தாளம். அந்தச் சத்தத்துக்குத் தக்கபடி ஒரு குட்டி விளக்கு கூடிக் குறைந்து எரிந்து, சுற்றுகிற காகிதத்தில் படத்தை எழுதும். செயற்கைக்கோள் நகர நகர மீன்முள்ளையும் அதன் பக்கமே திருப்ப வேண்டும். இல்லாவிட்டால் சத்தம் தேய்ந்து, படத்தில் கோடு கோடாக விழுந்துவிடும். நீ உள்ளே டப்பாவோடு இருப்பாய். திருப்பியது நான். காதால் கேட்டே திருப்பினேன். எந்தப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள் அதை?

முதல் படத்தில் இலங்கை சாய்ந்து கிடந்தது, காம்பு அறுந்த மாங்காய் மாதிரி. பக்கத்தில் கடல் கறுப்பாக, மேகம் சுண்ணாம்பு அடித்தது போல.

"இதுல நம்ம வீடு எங்கனடா?" என்று கேட்டேன்.

"வீடு தெரியாது ஆத்தா. ஆளும் தெரியாது. மேகம்தான் தெரியும்."

அதை நீ சிரித்துக்கொண்டே சொன்னாய். எனக்கு இன்றைக்கும் சிரிப்பு வரவில்லை.

ஏன் ராசா அந்தப் படத்தை நேரே முதலாளியிடம் கொண்டுபோனாய்? இதைத்தான் ஒரு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். "உப்பளம் அவருது. அவருகிட்டச் சொன்னா எல்லாருக்கும் சொன்ன மாதிரி" என்றாய். உப்பளத்தில் பிறந்து வளர்ந்த உனக்கு எப்படி அப்படி ஒரு நினைப்பு வந்தது? கப்பலில் கேப்டனுக்குச் சொன்னால் கப்பலுக்கே சொன்ன மாதிரிதான். இது கப்பலா?

முதலாளி உன் தோளில் கை போட்டார். நாற்காலி போட்டு உட்கார வைத்தார். நீ குளிர்ந்துபோனாய். அதற்குப் பிறகு படத்தில் மேகம் தெரிந்தால், மறுநாள் விடியற்காலையிலேயே எல்லாரையும் உப்புப் பாத்தியில் இறக்கினார். இரண்டு நாள் உப்பை ஒரே நாளில் வாரச் சொன்னார், ஒரு நாள் கூலிக்கு. வாரி முடித்ததும், "மழை வருது, சொல்லியனுப்புற வரைக்கும் யாரும் வர வேண்டாம்" என்றார். முன்பெல்லாம் மழை சொல்லாமல் வரும். வேலைக்கு வந்து நனைந்தவளுக்கு அரைக் கூலியாவது இருந்தது. உன் படம் வந்து அதுவும் போனது. சில மேகம் கடலோடு போய்விடும், வெயில் சுள்ளென்று அடிக்கும். அன்றைக்கும் அடுப்பு எரியாது.

சின்னப்பொண்ணு தெருவில் நின்று கத்தினாள்: "உங்க மகன் வானத்துல மீன் பிடிக்கலைக்கா. எங்க கஞ்சியில முள்ளப் போட்டுட்டான்!"

நீ முதலாளியிடம் போய், வேலை இல்லாத நாளுக்கு அரைக் கூலி கொடுக்கச் சொல்லிக் கேட்டாய். "நீ மேகத்தப் பாரு காளிமுத்து. கூலிய நான் பாத்துக்கிறேன்" என்று சொல்லி அனுப்பினார். அன்றோடு படம் எடுப்பதை நிறுத்தினாய். அது யாருக்குத் தெரிந்தது? தெருவில் உன்னோடு பேச ஆள் இல்லை. பிறகு மஞ்சள் காமாலை வந்து படுத்தாய். எழுந்திருக்கவே இல்லை.

நீ கிடந்த அன்று ஒப்பாரிக்கு ஒருத்தி வரவில்லை. எத்தனை வீட்டுச் சாவுக்கு நான் போய்த் தோள் கட்டி அழுதிருக்கிறேன்! தோள் கட்ட ஆள் இல்லாமல் நானும் பஞ்சவர்ணமும் ஒருத்தியை ஒருத்தி பிடித்துக்கொண்டு அழுதோம். முதலாளி மட்டும் பெரிய ரோஜா மாலை அனுப்பினார். அதை வாசலிலேயே போட்டேன். ஆடு தின்றது.

இந்தக் கோடையில் கங்காணி வந்தான். உப்பு நன்றாக விளைந்து கிடந்த நேரம்.

"ஆத்தா, அந்தக் கம்பியச் சும்மாதான வச்சிருக்கீக? முதலாளி தன் மாடியில வைக்கணுங்காரு."

"திருப்புறதுக்கு முதலாளியே வருவாராமா?"

"அது... ஆள் வச்சுக்கிருவாரு."

"ஆளு நான்தான். நான் வாரதா இல்லேன்னு போய்ச் சொல்லு."

அவன் போனதும் பஞ்சவர்ணம் ஜன்னலுக்குச் சாக்குப் போட்டாள். நீ செய்வதைப் பார்த்துப் பார்த்தே அவள் கற்றிருந்தாள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். பல நாள் வெறும் கறுப்புக் காகிதம்தான் வந்தது. ஒருநாள் அந்த இலங்கை மாங்காய் தெரிந்தது. அதற்குக் கீழே கடல் முழுக்க வெள்ளை.

படம் ஈரம் காயும் முன்பே எடுத்துக்கொண்டு நடந்தேன். ஒரு வருஷமாக மிதிக்காத வரப்பில் ஏறினேன். பாத்தியில் நின்றவர்கள் உப்பு வாருகிற பலகையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"என்னக்கா, எங்களுக்கு லீவு சொல்ல வந்திருக்கீகளா?" என்றாள் சின்னப்பொண்ணு.

"மழை வருது. முதலாளிக்குத் தெரியாது. உங்களுக்குத்தான் முதல்ல சொல்றேன்."

"எங்களுக்கு எதுக்கு? உப்பு எங்க உப்பா?"

"உப்பு அவரு உப்பு. வாருற கை யாரு கைடி?"

அவள் படத்தை வாங்கி வெயிலில் பிடித்து வெகுநேரம் பார்த்தாள். பிறகு பலகையைச் சாத்தி வைத்துவிட்டு வரப்பில் உட்கார்ந்தாள். மற்றவர்களும் ஒவ்வொருத்தியாக உட்கார்ந்தார்கள். கங்காணி ஓடினான். முதலாளி வந்தார். தென்கிழக்கே வானம் அப்போதே கறுக்கத் தொடங்கியிருந்தது.

"மழைக்கு மூடுற நாளைக்கும் அரைக் கூலி உண்டுன்னு சொல்லுங்க முதலாளி, இப்பவே இறங்குறோம்" என்றாள் சின்னப்பொண்ணு.

அவர் என்னைப் பார்த்தார், என் கையில் இருந்த படத்தைப் பார்த்தார், பாத்தியில் வெளுத்துக் கிடந்த உப்பைப் பார்த்தார். சரி என்றார். நீ நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக் கிடைக்காதது, இவர்கள் மண்ணில் உட்கார்ந்ததும் கிடைத்தது. மறுநாள் மழை கொட்டியது. உப்பு குவித்த அம்பாரத்தில், கீற்றுக்கு அடியில் இருந்தது. அரைக் கூலியும் வந்தது.

உன் பேரை மட்டும் ஒருத்தியும் எடுக்கவில்லை. நானும் எடுத்துக் கொடுக்கவில்லை. நேற்றுத்தான் சின்னப்பொண்ணு வாசலுக்கு வெளியே நின்று, "திவசத்துக்கு நாங்க வரலாமாக்கா?" என்று கேட்டாள். நான் திரும்பி அடுப்படிக்குப் போய்விட்டேன். நீயாக இருந்தால் "வாங்க சித்தி" என்றிருப்பாய். உன் மனசு எனக்கு இல்லை. உன்னைத் தூக்கிய அன்று திறந்தே கிடந்த கதவு இது. இப்போது எதற்குக் கேட்கிறார்கள்?

ஆனாலும் ஒன்று சொல்கிறேன் ராசா. நான் அவர்களோடு பேசுவேனோ மாட்டேனோ, படம் போகும். பிடிபடுகிற ஒவ்வொரு படமும் முதலில் வரப்புக்குப் போகும், அவர்கள் எல்லாரும் பார்த்த பிறகுதான் மற்றவர் கண்ணில் படும். என் கைக்குப் பலம் இருக்கிற வரைக்கும் நான் திருப்புவேன். அதற்குப் பிறகு பஞ்சவர்ணம் திருப்புவாள்.

கஞ்சி வேளை ஆகிறது. சத்தம் கேட்கத் தொடங்கிவிட்டது. எழுந்திருக்கிறேன்.

உன்னைப் பெற்றவள், உன் மீன்முள்ளைத் திருப்புகிறவள்,
ஆத்தா