நான் பார்க்காத இரண்டாவது படம்

தம்பி,

நேற்று லிட்டில் இந்தியாவில் உன் மனைவி என்னிடம் ஒரு பழுப்பு உறையைத் தந்தார். "உங்ககிட்டதான் குடுக்கணும்னு சொல்லிட்டுத்தான் கண்ண மூடினாரு, அண்ணே" என்றார். பிரித்ததும் படம் கழுவும் இருட்டறை மருந்தின் புளித்த வாடை. நாம் ஒரே ஆய்வகத்தில் வேலை பார்த்துப் பதினைந்து வருஷமாகிறது; வாடை மட்டும் போகவில்லை.

அப்போது தினமும் பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரி ஏறிக் கடல் தாண்டி வேலைக்கு வருவாய். கோழிக்கருவின் உயிரணுக்களை வளர்த்து, கழிச்சல் நோயின் வைரஸை அவற்றில் ஏற்றுவாய். சிம்பாங் அம்பாட்டில் உன் அப்பா வளர்த்த கோழிகள் ஒரே வாரத்தில் செத்துப்போயின. அந்த வைரஸ் உள்ளே போய் என்னதான் செய்கிறது என்று பார்க்காமல் விடமாட்டேன் என்பாய்.

ஒருநாள் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் எடுத்த படத்தை என் மேசையில் வைத்தாய். உயிரணுவுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்டிரியா எல்லாம் ஊறிய கடலைபோல் உப்பி, உள்மடிப்புகள் சிதைந்து கிடந்தன.

"பாருங்கண்ணே, அடுப்பையே அணைச்சிடுது!"

"மருந்த தப்பா கலந்திருப்பே லா. அப்படின்னாலும் இப்படித்தான் உப்பும்" என்றேன். உயிரணுவைப் பதப்படுத்தும் அந்த மருந்தைத் தப்பாகக் கலந்து நானே அப்படிக் கெடுத்திருக்கிறேன். அதனால் எல்லோரும் அப்படித்தான் கெடுப்பார்கள் என்ற நினைப்பு எனக்கு.

"இன்னொரு படம் இருக்குண்ணே, பாக்கிறீங்களா?"

"நாளைக்குப் பாப்போம்."

அன்று மதியமே மேலதிகாரி கேட்டபோது, உனக்குக் கைப்பக்குவம் போதாது என்று சொல்லிவிட்டேன். உன்னை நுண்ணோக்கியிலிருந்து எடுத்துப் புட்டி கழுவப் போட்டார்கள். இரண்டே மாதத்தில் தொழிற்சாலை வேலைக்குப் போய்விட்டாய். அதன் பிறகும் தீபாவளிக்கு வீட்டுக்கு வருவாய், முறுக்கு தின்பாய். அந்தப் பேச்சை மட்டும் எடுத்ததேயில்லை.

உறையில் இரண்டு நெகட்டிவ். ஒன்று எனக்குத் தெரிந்தது. மற்றது வைரஸ் ஏற்றாத உயிரணு. அதில் ஒரு மைட்டோகாண்டிரியாகூட உப்பவில்லை, ஒரு மடிப்புகூடக் குலையவில்லை. ஓரத்தில் உன் கையெழுத்து: "ஒரே நாள், ஒரே புட்டி மருந்து." மருந்து கெட்டிருந்தால் இதுவும்தானே உப்பியிருக்க வேண்டும்? ஐந்து நிமிஷம் உட்கார்ந்து பார்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். வெட்கமாக இருக்கிறது, தம்பி.

இப்போது அந்த மேலதிகாரி நாற்காலியில் நான்தான் உட்கார்ந்திருக்கிறேன். இன்று காலை இரண்டையும் விளக்குப் பெட்டியில் வைத்து, எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். உன் பெயரைச் சொன்னேன். அன்று உன்னைப் பற்றி நான் சொன்னதையும் சொன்னேன். இனி யார் படம் கொண்டுவந்தாலும், "இன்னொன்னு எங்கே?" என்றுதான் முதலில் கேட்பேன்.

உன் இரண்டாவது படத்தைப் பார்த்துவிட்டேன், தம்பி. மருந்தைச் சரியாகத்தான் கலந்திருக்கிறாய்.