நாற்பத்து மூன்று மணியார்டர்

2-7-73, திங்கள்
காலையிலேயே புழுக்கம். ஆபீஸுக்கு அரை நாள் லீவு. மாம்பலம் ஸ்டேஷன் படியில் செருப்பு வார் அறுந்தது. தைக்க 15 பைசா.

வீடு கட்டும் சொசைட்டிக்கு இரண்டாம் முறை. போன வருஷம் என் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பியவர்கள். திருவான்மியூர் மனை என் பெயரில்தான், அதற்குத் தவணை என் சம்பளத்தில்தான். ஆனாலும் கல்யாணமாகாத பெண். நாளை புருஷன் வீட்டுக்குப் போய்விட்டால் வீட்டுக் கடனை யார் கட்டுவது? அப்பாவும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டுமாம். அப்பா பெயரை எழுதியதும் பழைய கதை வெளியே வந்தது. வாடகை சைக்கிள் கடைக்காகக் கூட்டுறவு பாங்கில் வாங்கிய கடன். நடுவில் நின்று போன தவணை. ஜாமீன் போட்ட அப்பாவின் சிநேகிதர் காதர் மாமாவின் சம்பளத்தில் பிடித்த அறுநூறு ரூபாய்.

குமாஸ்தா லோகநாதன் என்னைப் பார்த்ததும், “இன்னாம்மா, போன வருஷம் அயுதுகினே போனியே, திரும்பி வந்துகீறியா?” என்றார். நான் அழவில்லை. ஜலதோஷம்.

ஆனால் நல்ல மனிதர். அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டது:

1. பாங்கில் ‘பாக்கி இல்லை’ என்று சான்று. (வாங்கியாச்சு)
2. வேலை நிரந்தரமான உத்தரவு, சம்பளச் சான்று. (இருக்கிறது. போன வருஷம் இல்லை)
3. தபாலாபீஸ் சேமிப்புப் புத்தகம். ஒரு மாதம்கூட விடாமல் போட்டிருப்பதைக் காட்ட.
4. பத்தாயிரம் கேட்காமல் ஒன்பதாயிரம் கேட்பது.
5. ஜாமீன் போட்டவர் கைப்பட ஒரு கடிதம். எனக்கு வர வேண்டியது வந்துவிட்டது என்று.

“அஞ்சாவது இல்லாங்காட்டி கமிட்டி ஃபைலையே தொறக்காது” என்றார்.

3-7-73, செவ்வாய்
அப்பாவிடம் அஞ்சாவதைச் சொன்னேன். சாப்பாட்டில் பாதியில் எழுந்துவிட்டார். அம்மா என்னை முறைத்தாள். ரசம் நன்றாக இருந்தது, யாரும் சொல்லவில்லை.

ஆறு வருஷமாக நாங்கள் மயிலாப்பூர் கச்சேரி ரோடு பக்கம் போவதில்லை. அங்கேதான் காதர் மாமா வீடு. அறுபத்து மூவர் உற்சவம் பார்க்கப் போனால்கூட மந்தவெளி வழியாகச் சுற்றி.

4-7-73, புதன்
ஆச்சரியம். காலையில் அப்பா சட்டை மாட்டும் ஆணியிலிருந்து ஒரு கம்பியை எடுத்துக் கொடுத்தார். கம்பி நிறைய ரோஸ் நிறத் துண்டுச் சீட்டு. மணியார்டர் ஒப்புகை. மாதம் பதினைந்து ரூபாய், பெறுபவர் காதர் மொய்தீன், ஒவ்வொன்றிலும் அவர் கையெழுத்து. நாற்பது சீட்டு. அறுநூறு ரூபாய்!

“நேர்ல போய்க் குடுத்திருக்கலாமேப்பா. பஸ்ல இருபது நிமிஷம்.”
“எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போறது?”

ஆபீஸில் நாள் முழுக்க அதே நினைவு. இரண்டு தபாலைத் தப்பான கோப்பில் சேர்த்தேன்.

6-7-73, வெள்ளி
சீட்டெல்லாம் லோகநாதனிடம் காட்டியாச்சு. “சீட்டு சோக்கா கீது. ஆனா கடுதாசி வோணும்மா. பாய் வாயால வரணும்.”

அப்பா போகமாட்டார். நான்தான் போக வேண்டும். சொல்ல வேண்டியதைத் தாளில் எழுதி மனப்பாடம் செய்தேன். எம்ப்ளாய்மெண்ட் இண்டர்வியூவுக்குக்கூட இவ்வளவு இல்லை.

8-7-73, ஞாயிறு
போனேன்! மனப்பாடம் செய்த ஒரு வரியும் வரவில்லை. வாசலில் நின்று, “நான்… சைக்கிள் கடை…” அவ்வளவுதான்.

“அட, சம்முவம் பொண்ணா! பி.ஏ. பாஸுன்னு கேள்விப்பட்டேன். பாவாடையைச் சொருவிக்கினு கடையில காத்தடிச்சிக்கினு இருந்த புள்ளயா நீ? உள்ளே வா.” தலை முழுக்க நரைத்துவிட்டது. சிரிப்பு அதே சிரிப்பு. மாமி சேமியா பாயசம் கொடுத்தார்.

கடிதம் வேண்டும் என்று எப்படியோ சொல்லிவிட்டேன்.

“உங்கப்பன் மாம்பலத்துல கீறான், நான் மயிலாப்பூர்ல. நடுவுல கடலா கீது? மாசாமாசம் போஸ்ட்மேன அனுப்பறான். துட்டு வருது, ஆளு வரல. அந்தத் துண்டுக் காயிதத்துல ஒரு வரி வேற: ‘இங்கு யாவரும் நலம்.’ நாப்பத்து மூணு மணியார்டரும் அதே நலம். இல்ல, இல்ல. நடுவுல ஒரு மூணு மட்டும் ஒண்ணும் எழுதாம வந்துது. அப்ப எனக்கு பயமாப் பூட்சி.”

“நாற்பது, மாமா.”

“நாப்பத்து மூணு. வாங்கினவன் நான் சொல்றேன்.”

கடிதம் தருவாராம். ஒரே நிபந்தனை: “அவன் வரட்டும். அவன் முன்னால கையெழுத்துப் போடறேன்.”

வீட்டுக்கு வந்து நாற்பத்து மூன்று என்று சொன்னதும் அப்பாவுக்குக் கோபம். கம்பியைப் பிரித்து மறுபடி எண்ணினார். நாற்பது. அம்மா அடுக்களைக்குப் போய், அலமாரிக்கு விரித்த காகிதத்தின் அடியிலிருந்து மூன்று ரோஸ் சீட்டைக் கொண்டுவந்து வைத்தாள். அப்பா டைபாய்டில் கிடந்த மூன்று மாதம். சட்டை ஆணியில் கிடந்த சீட்டுகளைப் பார்த்துத் தெரிந்துகொண்டு, தபாலாபீஸ் வாசலில் எழுதித் தருகிறவரைப் பிடித்து, அப்பா பெயரில் அனுப்பியிருக்கிறாள். எழுந்து நடமாடியதும் அந்த மூன்று மாதத்துக்கும் அப்பாவும் தனித்தனியாக மூன்று அனுப்பிவிட்டார்.

“எங்கிட்ட ஏன்டி சொல்லல?”
“நீங்க மட்டும் எங்கிட்டச் சொன்னீங்களா?”

அப்பா முகம் போன போக்கைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் அம்மாவுக்கு. அப்புறம் அப்பாவுக்கே.

12-7-73, வியாழன்
அப்பா கிளம்பினார். லஸ் வரை போய், ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக்கொண்டு திரும்பி வந்துவிட்டார். பஸ்ஸில் கூட்டமாம். பழத்தை நாங்களே சாப்பிட்டோம்.

கமிட்டி 27ஆம் தேதி. அதற்குள் கடிதம் போய்ச் சேராவிட்டால் இன்னும் ஒரு வருஷம்.

15-7-73, ஞாயிறு
சின்ன மழை, வெயில். அப்பாவை நானே அழைத்துப் போனேன். லஸ்ஸில் இறங்கியதும் கையைப் பிடித்துக்கொண்டேன். பிடித்தது தைரியம் சொல்ல அல்ல, ஓடிவிடாமல் இருக்க.

மாமா வீட்டு வாசலில் அவருடைய சைக்கிள், செயின் கழன்று. அப்பா உள்ளே போகவில்லை. வாசலிலேயே குந்தி, செயினை மாட்டி, சக்கரத்தைச் சுற்றிப் பார்த்து, பிரேக்கையும் முறுக்கத் தொடங்கிவிட்டார். நான் கடிகாரம் பார்த்தேன். பத்து நிமிஷம்.

மாமா வெளியே வந்து இடுப்பில் கை வைத்து நின்றார்.

“டேய் சம்முவம். ஆறு வருஷம் கழிச்சு வந்து எனக்கு முதுகக் காட்டிக்கினு உக்காந்துகீறியே.”

“பிரேக் கட்டை தேஞ்சு போச்சு பாய். இத எப்படி ஓட்டறீங்க?”

“மாத்தறதுக்கு ஆளு வரலையே.”

அப்பா எழுந்தார். கையெல்லாம் கிரீஸ். அந்தக் கையோடேயே மாமா இழுத்துக் கட்டிக்கொண்டார். வெள்ளை ஜிப்பா பாழ். நான் தெருவைப் பார்த்தேன்.

கடிதம் நான் எழுத, மாமா சொன்னார். கடைசி வரியில் பிடிவாதம்: “எழுதும்மா. சண்முகம் எனக்கு ஒரு பைசா பாக்கியில்லை. நான்தான் அவருக்கு நாற்பத்தைந்து ரூபாய் தர வேண்டும்.”

“அப்பவே திருப்பி அனுப்பியிருக்கலாமே மாமா?”

“அனுப்பினா கோவிச்சிக்கினேன்னு நெனச்சிப்பான். உங்கப்பனத் தெரியாதா?”

நாற்பத்தைந்து ரூபாயை எடுத்து வைத்தார். அப்பா தொடவில்லை. இருவருக்கும் சண்டை. மாமி வந்து பணத்தை எடுத்து என் பையில் போட்டார்.

27-7-73, வெள்ளி
கமிட்டி. ஐந்து பேர், ஒரே மின்விசிறி. தலைவர் கேட்டார்: “உங்கப்பா ஒரு முறை தவணை தவறியிருக்காரே, இந்த முறை தவறாதுன்னு என்ன நிச்சயம்?”

“முதல்ல தவறினது நிஜம் சார். அதுக்கப்புறம் யாரும் கேக்காமலே நாற்பது மாசம் கட்டினார்.” என் குரல்தான். நடுங்கவில்லை.

லோகநாதன் கடிதத்தை வாசித்தார். கடைசி வரிக்கு வந்ததும் நிறுத்தி, “சார், கடன் கட்டாதவர்னு ஃபைல்ல கீது. ஜாமீன்காரர் இன்னாடான்னா, நான்தான் பாக்கின்னு எயுதிகீறார்” என்றார். ஐந்து பேரும் சிரித்தார்கள். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

ஏழாயிரத்து ஐந்நூறு! கேட்டதில் ஆயிரத்து ஐந்நூறு குறைவு. ஓர் அறையைப் பிறகு கட்டிக்கொள்ளலாம். மாடிப்படியில் இறங்கும்போது யாரும் இல்லை என்று பார்த்து இரண்டிரண்டு படியாகக் குதித்தேன்.

29-7-73, ஞாயிறு
நாளை ரிஜிஸ்தர் ஆபீஸில் அடமானப் பத்திரம். காதர் மாமா சாட்சிக் கையெழுத்துக்கு வருகிறார், அந்த சைக்கிளில். அம்மா பெட்டியைத் திறந்து தன் கல்யாணப் பட்டுப் புடவையை வெளியே எடுத்தாள்.

“அடமானம் வைக்கப் போறதுக்கு யாராவது பட்டு கட்டுவாங்களா?” என்று அப்பா.

“அடமானம் வைக்க நமக்குன்னு ஒண்ணு இருக்கே, அதுக்குத்தான்.”

நானும் ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன். கிளிப்பச்சை. ரவிக்கை கையில் தையல் விட்டிருக்கிறது, ஊசி தேட வேண்டும்.