கூப்பிடாமல் வந்த இன்டர்நெட்காரன்

என் அன்பு மகளுக்கு, அம்மா எழுதுவது. நீயும் என் பேத்தி வாலுவும் சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்பித்தான் பேனாவைத் தொடுகிறேன். நானும் சுகம்தான், முழங்கால் மட்டும் என்னோடு கோபித்துக்கொண்டு தனிக்குடித்தனம் நடத்துகிறது. போனில்தான் பேசிக்கொள்கிறோமே, இதென்ன திடீரென்று கடிதம் என்று உனக்குப் பகீரென்றிருக்கும். பயப்படாதே என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆனால் கொஞ்சம் பயப்படு, இப்போதைக்கு அதுதான் நல்லது. இந்த விஷயத்தை நம் வீட்டுக்குள் இருந்துகொண்டு போனில் சொல்ல முடியாது. என் போனைத் தெருவுக்கு எடுத்துப்போய்ப் பேசவும் பயம், அதுவும் ஒருத்தன் கைக்குப் போய்வந்தது. அங்கே உட்கார்ந்து எழுதவும் முடியாது, எழுத்தெழுத்தாக வாய்விட்டுச் சொல்லாமல் எனக்கு எழுத வராது என்று உனக்குத்தான் தெரியுமே, மூன்றாம் வகுப்போடு நின்றவளுக்கு அப்படித்தான் வரும். அதனால் கீழ்வீட்டு நர்ஸம்மாவின் சாப்பாட்டு மேசையில் இருந்து எழுதுகிறேன், அவள் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு டியூட்டிக்குப் போயிருக்கிறாள். அவள் போனிலிருந்து உன்னைக் கூப்பிட்டுப் பார்த்தோம், நீ எடுக்கவில்லை. தெரியாத நம்பரை எடுக்காதே என்று நான்தான் உன் தலையில் அடித்துச் சொல்லியிருந்தேன், என் வாயே எனக்குக் குறுக்கே வந்தது, ஆனாலும் நீ எடுக்காதது சந்தோஷம்.

போன மாதம் வீட்டில் இன்டர்நெட் நின்றுபோனது, மறுநாளே ஆள் வந்து சரிசெய்தான், அருமையான கம்பெனி என்று உன்னிடம் பெருமை அடித்துக்கொண்டேன் அல்லவா. அதில் ஒன்றை நான் யோசிக்கவே இல்லை. நான் யாரிடமும் புகார் சொல்லியிருக்கவில்லை. சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே பெல் அடித்தது, "இன்டர்நெட் வரலைன்னு கம்ப்ளைன்ட் வந்திருக்கும்மா" என்றான். வரவில்லைதானே, திறந்துவிட்டேன். ரூம் ரூமாகப் போய் சிக்னல் பார்க்க வேண்டும் என்றான், படுக்கையறை வரைக்கும் போனான். "வைஃபை வருதான்னு பாக்கணும், போனைக் குடுங்கம்மா" என்றான், லாக்கைத் திறந்து கையிலேயே கொடுத்தேன். உன் நம்பர் அதில் பிளம்பர் என்றுதான் இருக்கிறது, அந்த மட்டுக்கும் உன் அம்மாவுக்கு மூளை இருந்தது. அப்புறம் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டான். நல்ல டம்ளராகக் கழுவி எடுத்து வருவதற்குள் சோபாவை நகர்த்தி அதன் பின்னால் உட்கார்ந்திருந்தான். "சுவர் பிளக் லூசா இருந்துச்சும்மா, நானே ஒரு அடாப்டர் போட்டுட்டேன், காசெல்லாம் வேணாம்" என்றான். வேலைக்கு வந்தவன் காசு வேண்டாம் என்று சொல்லி என் ஆயுசில் கேட்டதே இல்லை, அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஆபீசுக்கு அனுப்பணும் என்று ரவுட்டரைப் போட்டோ எடுத்தான், அப்படியே அலமாரியில் இருக்கும் வாலுவின் குழந்தைப் படத்தையும் போனில் பிடித்துக்கொண்டான். "பேத்தியாம்மா? எந்த ஊர்ல இருக்காங்க?" என்றான். தூரத்தில் என்றேன். "தூரம்னா?" என்றான். "பஸ்ல போனா இடுப்பு ஒடியற தூரம்" என்றேன். சிரித்தான், பல் மட்டும்தான் சிரித்தது.

அதற்குப் பிறகுதான் அவன் போன் செய்ய ஆரம்பித்தான். அவன் என்றால் உன் புருஷன். உன் காலை உடைத்துவிட்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டாள் என்று எனக்கே கதை சொன்னானே, அன்றைக்கு அவன் போட்டிருந்த நீலச் சட்டையில் ஒரு பொத்தான் மட்டும் வெள்ளை, அதைக்கூட நான் மறக்கவில்லை, அவன் பெயரை மட்டும் மறந்துவிட்டேன், மறந்ததாகவே இருக்கட்டும். நீ குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனபிறகு நாலு தடவை வாசலில் வந்து கத்தினான், அதோடு சரி, போனில் பேசியதே கிடையாது. இப்போது தேனாக ஒழுகுகிறான். "அத்தை, முழங்கால் எப்படி இருக்கு? மருந்துக்கடைக்காரர் குடுத்த தைலம் எரியுதாமே" என்றான். தைலம் எரிகிறது என்று நான் உன்னிடம் மட்டும்தான் சொன்னேன், ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டு ஹாலில் உட்கார்ந்து சொன்னேன். மருந்துக்கடைக்காரன் வாய் ஓட்டை என்று நினைத்து அவனை மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன், பாவம். அடுத்த தடவை, "பாப்பா போட்டோவுக்குக் கண்ணாடி மாத்தலையா அத்தை, விரிசலோடயே வச்சிருக்கீங்க" என்றான். அந்தக் கண்ணாடி இந்தக் கோடையில் பூனை தட்டிவிட்டு விரிந்தது. அவன் இந்த வீட்டுக்குள் கால்வைத்து எத்தனை காலம் ஆகிறது.

ஒரு நாள் மத்தியானம் அடுப்பில் இருந்த பாத்திரத்தைத் துணியில்லாமல் பிடித்துவிட்டேன், ஐயோ அம்மா என்று அலறிக்கொண்டு ஹாலுக்கு ஓடிவந்தேன். கை தண்ணீருக்குள் போவதற்கு முன்னால் போன் அடித்தது. எடுத்தால் பேச்சில்லை, மூச்சு மட்டும் வந்தது. அப்புறம் மெதுவாக, "பாத்து அத்தை" என்றான். எரிச்சல் எங்கே போனதென்றே தெரியவில்லை. எங்கேடா இருக்கிறாய் என்றேன். அந்த நேரம் பார்த்து உன் அப்பா வாங்கிவைத்த சுவர்க்கடிகாரம் அடித்தது. அது அடிக்கும் அழகு உனக்குத் தெரியும், நடுவில் ஓர் அடியை விழுங்கிவிட்டு இருமுகிற மாதிரி ஒரு சத்தம் போட்டுவிட்டுத்தான் மிச்சத்தை அடிக்கும், அப்படி ஒரு கடிகாரம் வேறு எந்த வீட்டிலும் கிடையாது. அடித்து ஓய்ந்தது. ஓய்ந்தபிறகு போனுக்குள், அவன் மூச்சுக்குப் பின்னால், அதே கடிகாரம் அடிக்க ஆரம்பித்தது. அதே இடத்தில் விழுங்கியது, அதே இருமல். போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டுச் சுவரைப் பார்த்தேன், கடிகாரம் வாயை மூடிக்கொண்டு சும்மா இருந்தது. போனுக்குள் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. நம் வீடு அவன் கையில் இருக்கிறது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

நர்ஸம்மாவைக் கைச்சாடையிலேயே கூட்டிவந்து வீட்டைப் பார்த்தோம். என் வீட்டில் எந்தச் சாமான் எப்போது வந்தது என்று எனக்கு மனப்பாடம், எனக்குத் தெரியாமல் ஓர் ஊசி கூட உள்ளே வந்ததில்லை, அந்த வெள்ளை அடாப்டர் ஒன்றைத் தவிர. சோபாவுக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தால் அதன் அடிப்பக்கத்தில் ஊசிமுனை அளவு ஓர் ஓட்டை. கீழே வந்தபிறகு அவள் தன் போனில் தேடி அதே மாதிரி ஒன்றைக் காட்டினாள். "பாட்டிம்மா, இதுக்குள்ள சிம் கார்டு இருக்காம், எந்த ஊர்ல உக்காந்தும் கேக்கலாமாம்" என்றாள். கம்பெனிக்கு அடித்துக் கேட்டோம், அந்த வாரம் உங்கள் தெருவுக்கு நாங்கள் யாரையும் அனுப்பவே இல்லை என்றார்கள். போலீசுக்கும் போனேன். அங்கே இருந்த பெரிய மனுஷன் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "அந்த அடாப்டர்ல உங்க மாப்பிள்ளை பேரு எழுதியிருக்காம்மா?" என்று கேட்டான், பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். "மாமியார் உடம்பை விசாரிக்கிற மாப்பிள்ளை இந்தக் காலத்துல எங்கம்மா கிடைக்கிறான், சந்தோஷப்படுங்க" என்று வேறு சொன்னான். அடிக்கிற கைதான் அணைக்கும் என்று உனக்குப் புத்தி சொன்ன உன் பெரிய அத்தைக்குப் பக்கத்தில் அவனையும் என் மனசில் உட்காரவைத்திருக்கிறேன், இருவரையும் நான் சாகும்வரை எழுந்திருக்க விடமாட்டேன்.

இனிமேல்தான் முக்கியம், உட்கார்ந்து படி. அந்த ஆள் வந்துபோன நாளிலிருந்து நாம் பேசியதையெல்லாம் ஒரு வார்த்தை விடாமல் திருப்பித் திருப்பி நினைத்துப் பார்த்தேன். ஊர் பெயரை நீ சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. தெரு பெயர் இல்லை, வாலுவின் பள்ளிக்கூடப் பெயரும் இல்லை. ஆனால் ரயில் போகும்போது ஜன்னல் அதிர்கிறது, தூக்கம் கெடுகிறது என்று சொன்னாய். இன்னொரு நாள், ஆஸ்பத்திரிப் படுக்கைவிரிப்பு துவைக்கும் இடத்தில் புது வேலை, சோப்புத் தண்ணீரில் விரல் இடுக்கு வெடிக்கிறது என்று சொன்னாய். நான் என் பங்குக்கு, குளிருக்குக் கம்பளி போதுமா என்று கேட்டுத் தொலைத்தேன். தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றுமில்லை, மூன்றையும் சேர்த்தால் அவனுக்குப் பாதி வழி தெரிந்த மாதிரி. பெரிய ஆஸ்பத்திரி, ரயில்பாதை, குளிர், அப்படி எத்தனை ஊர் இருந்துவிடும். அதனால் அந்த வேலையை விடு. நல்ல முதலாளி, விட மனசில்லை என்பாய், உயிரோடு இருந்தால் வேறு நல்ல முதலாளி கிடைப்பான். ஜாகையையும் மாற்ற முடிந்தால் மாற்று. பள்ளிக்கூடத்தில் நேரே போய், நான் வராமல் குழந்தையை யாரோடும் அனுப்பக்கூடாது, அப்பா என்று வந்தாலும் அனுப்பக்கூடாது என்று சொல்லிவை, சொன்னதோடு நிற்காமல் அவர்கள் தலையாட்டுகிறார்களா என்று பார்.

வந்த ஆளின் அடையாளம் சொல்கிறேன், அவன் உன் வாசலுக்கும் வரலாம். மாநிறம், ஒல்லி, இடது புருவத்தில் குறுக்கே ஒரு வெட்டு, வாட்சை வலது கையில் கட்டியிருக்கிறான், பேசும்போது நம் முகத்தைப் பார்க்காமல் நமக்குப் பின்னால் இருக்கும் சுவரைப் பார்க்கிறான். அவன் இல்லாவிட்டால் வேறொருவன் வருவான், அதனால் பொதுவாகவே கேட்டுக்கொள். நீ கூப்பிடாத எவனுக்கும் கதவு திறக்காதே, குழாய் ஒழுகினால் ஒழுகட்டும். வந்தவன் நீட்டுகிற கார்டில் உள்ள நம்பருக்கு அடிக்காதே, உன்னிடம் உள்ள பில்லில் இருக்கும் நம்பருக்கு அடித்து ஆள் அனுப்பினீர்களா என்று கேள், அதுவரை அவன் வெளியில் நிற்கட்டும், நல்லவன் கோபித்துக்கொள்ள மாட்டான். உள்ளே விடும் முன்னால் போட்டோ, தபால், மருந்துச்சீட்டு, வாலுவின் பள்ளி அடையாள அட்டை எல்லாவற்றையும் அள்ளிப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டு. தண்ணீர் கேட்டால் முன்கூட்டியே கொண்டுவந்து வை, அவனைத் தனியாக விட்டு உள்ளே போகாதே. போனைக் கையில் கொடுக்காதே. அவன் போனபிறகு சுவர் பிளக்கெல்லாம் ஒரு சுற்று பார், புதிதாக ஏதாவது முளைத்திருக்கிறதா என்று. எல்லோரையும் திருடன் என்று நினைக்கிறேன் என்பாய். நினைத்துவிட்டுப் போகிறேன், நினைத்தால் யாருக்கும் காயம் படாது.

அந்த அடாப்டரைப் பிடுங்கிக் குப்பையில் போடச்சொல்லி நர்ஸம்மா ஒற்றைக்காலில் நிற்கிறாள். நான் போடவில்லை. பிடுங்கினால் எனக்குத் தெரிந்துவிட்டதென்று அவனுக்குத் தெரிந்துவிடும், அடுத்ததை எங்கே வைப்பான் என்று எனக்குத் தெரியாது. பாம்பு எந்தப் பொந்தில் இருக்கிறதென்று தெரிந்துகொண்டு படுப்பது மேல். ஆனால் அதோடு குடியிருப்பது எப்படி என்று கேட்காதே. தனியாக இருக்கிறேன் என்ற நினைப்பே போய்விட்டது. தும்மினால் யாரோ தலைநிமிர்கிற மாதிரி இருக்கிறது. தட்டைக்கூட மெதுவாக வைக்கிறேன், உன் அப்பா படத்தைப் பார்த்து இரண்டு வார்த்தை புலம்புவேனே, அதையும் விட்டுவிட்டேன், நானும் அவரும் பேசுவதை அவன் ஏன் கேட்க வேண்டும்.

ஆனால் பேச வேண்டியதைப் பேசுகிறேன். நேற்றிலிருந்து போனைக் காதில் வைத்துக்கொண்டு, நீ எதிர்முனையில் இருக்கிற மாதிரி சோபாவைப் பார்த்துப் பேசுகிறேன். கடற்காற்று வாலுவுக்கு ஒத்துக்கொள்கிறதா, மீன்காரி பக்கத்து வீட்டிலேயே இருப்பது வசதிதான், துறைமுகத்துச் சங்கு ஊதினால் குழந்தை பயப்படாதா என்று. உன் ஊரில் கடலே கிடையாது என்பது நமக்குத்தானே தெரியும். வருகிற ஞாயிறு ஹாலில் ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டு நான் நிஜமாகவே கூப்பிடுவேன், கடலைப் பற்றிக் கேட்பேன், நீ சிரித்துக்கொண்டே ஆமாம்மா என்று சொல்ல வேண்டும். துவைக்கிற வேலையை விட்டுவிட்டு இங்கே வந்தது நல்லதாகப் போயிற்று என்று நீயாக ஒரு வார்த்தை சேர்த்துக்கொள். வாலுவைப் பேசவிடாதே, குழந்தைக்குப் பொய் வராது. கடலோரம் நீளமானது, தேடட்டும்.

கடைசியாக ஒன்று சொல்கிறேன், இதில் மட்டும் என்னோடு வாதாடாதே. ஊர் ஊராக அலைந்து சலித்தபிறகு, அவள் தானாகவே வருகிற மாதிரி ஒன்று செய்தால் போதுமே என்று அவனுக்கு ஒருநாள் தோன்றும். அம்மா விழுந்துவிட்டாள் என்றால் நீ ஓடிவருவாய், அவன் ஆஸ்பத்திரி வாசலில் நிற்பான், அவ்வளவுதான் அவனுக்கு வேண்டியது. அதனால் எனக்கு முடியவில்லை என்று போனில் யார் சொன்னாலும் வராதே. நானே அழுதுகொண்டு கூப்பிட்டாலும் வராதே, வயசான கட்டை, பயத்தில் என்ன சொல்வேன் என்று எனக்கே தெரியாது. அது பொய்யாக இருந்தால் நல்லது. மெய்யாக இருந்தாலும் வராதே. நான் போய்ச் சேர்ந்துவிட்டால் நர்ஸம்மா கடிதம் போடுவாள், அதற்கும் வராதே. அன்றைக்கு வாலுவுக்கு நன்றாகத் தலைவாரி, வயிறு நிறையச் சாப்பாடு போட்டுப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பு, எனக்குச் செய்ய வேண்டியதெல்லாம் அதற்குள் அடங்கிவிடும்.

உங்கள் இருவர் மேலும் எந்தக் கெட்ட கண்ணும் படாமல், கதவைத் தட்டுகிறவர்கள் எல்லோரும் நல்லவர்களாகவே இருந்து, நீங்கள் நீண்ட ஆயுசோடு இருக்க வேண்டும். விரல் வெடிப்புக்கு எண்ணெய் தடவு. பதிலை நர்ஸம்மா பெயருக்கு அவள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி முகவரியில் போடு, உறைக்குப் பின்னால் உன் பெயரும் ஊரும் எழுதாதே. இனி என் கையெழுத்தில் வருவதை மட்டும் நம்பு, என் குரலை நம்பாதே.

இப்படிக்கு,
உன்னைப் பார்க்க ஏங்கினாலும் வராதே என்று சொல்லும்
உன் அம்மா