தெருவெல்லாம் ஓம வாசனை

மண்ணச்சநல்லூர்,
ஞாயிறு மாலை.

அன்புள்ள உங்களுக்கு,

நானும் மாமாவும் கனிஷ்காவும் நலம். நம் குளத்து மீன்களைப் பற்றி அப்படி எழுத முடியவில்லை. ஃபோனில் சொல்லலாமென்றால், உங்கள் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்து ஸ்பீக்கரில் போடச் சொல்கிறார். பாலக்கரை ஜாவித் அண்ணன் நாளை ஷார்ஜா திரும்புகிறார். அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். தனியாக இருக்கும்போது படியுங்கள்.

இந்தத் தடவை மீன் தேறினால் ஊரோடு வந்துவிடுகிறேன், இல்லையென்றால் இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கம்பெனி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுகிறேன் என்று சொன்னீர்கள். சுலபமாகச் சொல்லிவிட்டீர்கள். அன்றிலிருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டுக் குளக்கரைக்கு ஓடுகிறேன். பால் பொங்கி வழிந்தது தெரியாமல் நிற்கிறேன்.

ரோகு மீன்களுக்கு வயிற்றில் சிவப்பாகப் புண் வந்தது. குளத்தில் கம்பு நட்டு, தவிடும் புண்ணாக்கும் சாக்கில் கட்டித் தொங்கவிடுகிறோமே, அந்தச் சாக்கு காலையில் கட்டிய கனத்தோடு சாயங்காலமும் இருந்தது. மீன் வாயே வைக்கவில்லை. பக்கத்துக் குளத்துக்காரர் ஏதோ மாத்திரையைக் கொண்டுவந்து, கரைத்துக் கொட்டிடுங்க என்றார். எனக்கு மனசு ஒப்பவில்லை. மீன்வளம் படித்துவிட்டு ஸ்ரீரங்கத்திலிருந்து வந்து குளம் பார்க்கும் பெலிண்டாவைக் கூப்பிட்டேன்.

என்ன நோய் என்று தெரியாமல் மாத்திரை போட்டால், பிறகு தேவைப்படும்போது அது கேட்காது என்றார் பெலிண்டா. ஓம எண்ணெயைத் துளி அளவு எடுத்து, கடலை எண்ணெயில் கலந்து தீனியில் பிசறச் சொன்னார். குடலில் கிருமி அடங்கும், பசி எடுக்கும், ஆனால் இது மந்திரம் இல்லை, தண்ணீரையும் மாற்ற வேண்டும் என்றார். அப்படியே செய்தேன். தினமும் காலையில் பிசறி வைத்துவிட்டு, கனிஷ்காவை ஸ்கூட்டியில் ஏற்றி ஸ்ரீரங்கம் ஸ்கூலில் விட்டு வருவேன். வந்து பார்த்தால் மாமா தீனியைச் சாக்கில் கட்டிக் கம்பில் தொங்கவிட்டிருப்பார். எவ்வளவு ஒத்தாசை என்று சந்தோஷப்பட்டேன். தெருவே ஓம வாசனையாக இருந்தது. எதிர்வீட்டு வீரம்மாள் அக்கா, தினமும் முறுக்கா சுடுற, எங்களுக்குக் கண்ணுலயே காட்ட மாட்டேங்கிறியே என்று கேலி செய்தார்.

மீன் மட்டும் தேறவில்லை. பெலிண்டா மறுபடி வந்து, தீனியைக் கையில் எடுத்து முகர்ந்து பார்த்தார். வாசனையே இல்லை. எங்கே காய வைத்தீர்கள் என்று கேட்டார். மாமா பெருமையாக மொட்டை மாடியைக் காட்டினார். ரைஸ் மில் களத்திலேயே ஆயுசைக் கழித்தவர் இல்லையா? ஈரத்தோடு கட்டினால் பூசணம் பிடிக்கும் என்று கொதிக்கிற வெயிலில் பரப்பி, நெல்லைத் துழாவுவது மாதிரி காலால் துழாவிவிட்டிருக்கிறார். எண்ணெயெல்லாம் வெயிலில் பறந்துவிட்டது. மீனுக்குப் போக வேண்டியதைத் தெருதான் மோந்து பார்த்திருக்கிறது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அவர் முகத்தைப் பார்த்ததும் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு மாடியைக் கூட்டப் போய்விட்டேன்.

இப்போது நிழலில் வைத்துப் பிசறி, மூடி போட்ட டிரம்மில் ஊறவைத்து, அன்றன்றைக்கே கட்டுகிறோம். மாமா டிரம் பக்கத்தில் யாரையும் அண்டவிடுவதில்லை. நேற்று சாக்கு பாதி இளைத்து வந்தது. சிரித்துக்கொண்டே திரும்பினால், கரையோரம் இரண்டு மீன் செத்து மிதக்கிறது. தேறிவிடும் என்று எழுதவும் பயமாக இருக்கிறது, தேறாது என்று எழுதவும் பயமாக இருக்கிறது.

நேற்று நீங்கள் கூப்பிடுவதற்கு முன்னால் மாமா என்னிடம், அவன் கேட்டா மீனெல்லாம் நல்லா இருக்குன்னு சொல்லிடும்மா என்றார். உங்கள் சட்டையை மடித்து வைத்துக்கொண்டே சொன்னார். எனக்கும் பொய் சொல்ல ஆசையாகத்தான் இருந்தது. வரவில்லை.

அதனால் உள்ளதை எழுதிவிட்டேன். மீன் பிழைக்கலாம், பிழைக்காமலும் போகலாம். நீங்கள் வருவதை அந்த மீன்களிடம் கேட்டு முடிவு செய்யாதீர்கள். எங்கள் மூன்று பேரிடம் ஒரு தடவை கேளுங்கள். சமயபுரத்தாள் உங்களைச் சுகமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். கையெழுத்து மட்டும் போட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்களுக்காகக் காத்திருக்கும்
இளவேனில்