இருபதுக்கும் முப்பதுக்கும் நடுவில்

15-8-91, வியாழன்

கம்பெனி லீவு. காலையில் கொடியேற்றி ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தார்கள். மகள் தேவிக்கு என்று ஒன்றைச் சட்டைப்பையில் போட்டேன். வழியில் அதையும் நானே தின்றேன். வெயில். மேற்கே மட்டும் கொஞ்சம் கறுப்பு.

செய்ய வேண்டியவை: பின் டயர் பஞ்சர். மண்ணெண்ணெய். குழாய் வாஷர். (ஒன்றும் ஆகவில்லை.)

மனசில் ஓடுவது ஒன்றுதான். போன ஞாயிறு ஆவடியிலிருந்து அக்கா வந்து சொன்னது. தேவியைத் தன்னோடு அனுப்பிவிடச் சொல்கிறாள். பழைய ஸ்கூலில் ஹெட்மிஸ்ட்ரஸ் சேர்த்துக்கொள்வாராம், காலாண்டுப் பரீட்சைக்கு முன் டி.சி. கொண்டுவந்தால். வருகிற 25-ந் தேதி திரும்ப வருவாள், தேவியின் வாயால் பதில் கேட்க.

அக்காவைக் குறை சொல்ல முடியாது. நான் ஆவடியிலிருந்து பஸ்ஸில் தொங்கி அலுத்துப்போய் ஜூனில் குடும்பத்தை இங்கே தூக்கி வந்தேன். ஒன்பதாவது படிக்கிற பெண்ணை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இங்கே வகுப்பில் யாரும் அவளோடு பேசுவதில்லையாம். டிபன் குழாயடியில், தனியாக. வீட்டில் என்னிடம் "ம்", "ம்ஹூம்". அவ்வளவே.

சரசு கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்: "அவ இஷ்டம்னு வுட்டுடுங்க. நீங்க வாய வெச்சுகினு சும்மா இருங்க."

இருக்கிறேன். ஓ.டி. பார்ப்பதைவிடக் கஷ்டம்.

சாயந்திரம் கரண்ட் கட். தேவி என்னோடு பஞ்சாயத்துப் பூங்கா வரை வந்தாள். சிமென்ட் யானை, பாடாத ரேடியோ ரூம், பச்சைத் தண்ணீர்க் குட்டை. அப்புறம் ஒரு விநோதம். ஆள் உயர இரும்புக் கம்பம். இடுப்பளவில் பாதியாக அறுத்த பேரல் வெல்டிங். மேலே ஒரு சைக்கிள் ரிம், அதிலிருந்து சைக்கிள் செயின்கள் தொங்கல். பேரலில் மஞ்சள் பெயின்டில் 30. தள்ளி இன்னொன்று, அதில் 10. வேறொன்றில் பெயின்ட் உதிர்ந்து 4 மாதிரி ஏதோ.

வாட்ச்மேன் முனுசாமியைக் கேட்டேன். அவருடைய நாய் ஆரஞ்சு நிற பிளாஸ்டிக் தட்டில் சோறு தின்றுகொண்டிருந்தது. அதைக் காட்டினார்.

"வெள்ளைக்காரரு ஒருத்தரு சார், உங்க கம்பெனிக்குத்தான் மிசின் மாட்ட வந்தாரு. சாயந்திரமானா இங்கதான். இந்தத் தட்ட வீசுவாரு, பின்னாலயே நடப்பாரு, அது வுழுந்த எடத்துலேர்ந்து மறுக்கா வீசுவாரு. செயின்ல பட்டு பேரல்ல வுழுந்தா தனியா சிரிச்சிக்குவாரு. ஊருக்குப் போவசொல்ல எங்கிட்ட குட்த்தாரு. நாய்க்குத் தோதா கீது."

"எதுலேர்ந்து ஆரம்பிக்கணும்? எந்தப் பக்கமா போவணும்?"

கேட்டது தேவி! இரண்டு முழு வாக்கியம்.

"யாருக்குத் தெரியும் பாப்பா? அம்புக்குறி போட்டிருந்தாரு. மழைல போச்சி."

வீட்டுக்கு வரும்வரை அவள் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி நடந்தாள்.

16, வெள்ளி

முதல் ஷிஃப்ட். புழுக்கம். கொட்டாவி.

நாய்க்கு வேறு தட்டு கொடுத்தால் ஆரஞ்சுத் தட்டைத் தருவதாக முனுசாமி ஒப்பந்தம். பரணிலிருந்து எவர்சில்வர் தட்டு ஒன்றைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு போனேன். சரசு பார்க்கவில்லை. நாய் பார்த்தது, ஆட்சேபணை இல்லை.

ஆரஞ்சுத் தட்டைச் சோப்புப் போட்டு மூன்று தடவை தேய்த்தாள் தேவி.

நான் வீசினால் தட்டு எனக்குப் பின்னால் போய் விழுகிறது. எப்படி என்று விஞ்ஞானிகள்தான் சொல்ல வேண்டும். ஒரு தடவை நேராகப் போனது, குட்டைக்குள்.

"தோச திருப்புற மாதிரி வீசாதப்பா. சீட்டுக்கட்டப் பிரிச்சுப் போடுவியே, அப்டி மணிக்கட்ட மட்டும் சுண்டு."

நான் சீட்டாடுவது இவளுக்கு எப்படித் தெரியும்?

நம்பர் என்ன என்று விவாதம். நான்: அடிக்கணக்கு. தேவி: மார்க். முனுசாமி: பஞ்சாயத்துச் சொத்து நம்பர். வீட்டுக்கு வந்து கேட்டதில் சரசு: "கரண்ட்டு கம்பத்துக்கு நம்பர் போடுவாங்க. சாப்புட வாங்க."

18, ஞாயிறு

காலையிலேயே பூங்கா. மார்க் கணக்கில் ஆடினோம். எந்தப் பேரலில் போட்டாலும் அதிலுள்ள நம்பர் மார்க். தேவி 70. நான் 10, அதுவும் செயினில் மாட்டித் தொங்கியது, அவள் பெரிய மனசு பண்ணிக் கொடுத்தது.

நடைப்பயிற்சி ஆசாமிகள் இருவர், என் காதில் விழுகிற மாதிரியே:

"இன்னாய்யா இது, அப்பனும் பொண்ணும் தட்டு வீசிகினு?"

"எவனாவது ஜோசியன் சொல்லிருப்பான். பரிகாரம்."

20-ஐத் தேடிக் கண்டுபிடித்தோம், வேலிக்காத்தான் புதருக்குள். என் லுங்கி கிழிசல். அதற்குப் பிறகுதான் வேடிக்கை. ரேடியோ ரூமுக்குப் பின்னால், சந்து மாதிரி இடத்தில், இன்னொரு பேரல். நம்பர் 25.

தேவி இடுப்பில் கை வைத்து நின்றுவிட்டாள். "மார்க்கு இல்லப்பா. இதுதான் எல்லாத்தையும்வுட கஷ்டம். செவுத்தச் சுத்தி வளைச்சுப் போடணும். அதுக்கு எப்டி வெறும் இருவத்தஞ்சு? பக்கத்துல சும்மா கீற முப்பதுக்கு முப்பதா?"

நியாயமான கேள்வி. அடிக்கணக்கும் இல்லை, இருபத்தைந்து அடியைவிட ரொம்ப தூரம். மீதியெல்லாம் பத்து பத்தாகப் போக, நடுவில் இது மட்டும் எங்கிருந்து வந்தது?

சோறு இறங்கவில்லை. சரசு நினைத்தாள் அக்கா விஷயம் என்று. அதுவும்தான்.

20, செவ்வாய்

இதை எழுதவே வெட்கம்.

காலை லைனில் என் மிஷினுக்கு முன்னால் நின்றேன். துளை போடுகிற வேலை. எதிரே கண்ணாடிச் சட்டத்துக்குள், எந்த வேலைக்குப் பின் எது என்று சொல்கிற ஆபரேஷன் ஷீட் தொங்குகிறது, எப்போதும் தொங்குவதுதான். ஓ.பி. 10 ஃபேஸிங். ஓ.பி. 20 டர்னிங். ஓ.பி. 30 டிரில்லிங்.

ஓ.பி. 30 யார்? ஏகாம்பரம். நான்தான்! வருஷக்கணக்கில் அந்த 30-க்குக் கீழே நின்று வேலை பார்க்கிறவன். அது மார்க்கா, அடியா என்று ஊரெல்லாம் கேட்டிருக்கிறேன்.

வெள்ளைக்காரர் லைன் போட வந்தவர். பூங்காவுக்கும் லைன் மாதிரியே நம்பர் போட்டிருக்கிறார்! பத்து முடிந்தால் இருபது, அது முடிந்தால் முப்பது. வேலைக்கு நடுவே இடைவெளி விட்டு நம்பர் வைப்பது எதற்கு? பின்னால் புதிதாக ஒரு வேலை வந்தால் நடுவில் சேர்க்க. பழைய நம்பர் எதையும் மாற்ற வேண்டாம். 25 அப்படிப் பிறகு சேர்த்தது!

சத்தமாகச் சிரித்துவிட்டேன். சூப்பர்வைசர் வந்தார்.

"இன்னா ஏகாம்பரம், டிரில்லு ஜோக்கு சொல்லிச்சா?"

"இல்ல சார். இருவத்தஞ்சு."

ஒரு மாதிரி பார்த்துவிட்டு நகர்ந்தார்.

வீட்டில் வாசற்படியிலேயே தேவியிடம் கொட்டினேன். முதலில் கைகொட்டிச் சிரித்தாள். "தெனமும் முப்பதுலயே நின்னுகினு தெரிலயாப்பா?" அப்புறம் இரண்டாவது தடவை விளக்கச் சொன்னாள், 25 எப்படி நடுவில் வரும் என்பதை மட்டும்.

22, வியாழன்

மதியம் மழை, சாயந்திரம் வெளுப்பு. மண் வாசனை, கொசு.

இப்போது வழி தெரிந்த ஆட்கள் நாங்கள். 10-லிருந்து 20, புதரைச் சுற்றி 25, பிறகு 30. தேவி குறைந்த வீச்சில் முடிக்கிறாள். நான் மரத்துக்கு மரம் மரியாதை செய்துவிட்டுப் போகிறேன்.

குட்டைக் கரைக் கல்லில் மழை கழுவிவிட்டதால் ஒரு மஞ்சள் அம்பு தெரிந்தது, பின்பக்கம் திரும்பி. பக்கத்தில் R. இதற்கு நான் யோசிக்கவே இல்லை.

"ரீவொர்க்கு. எங்க லைன்ல பீஸு தப்பாப் போச்சின்னா தூக்கிக் கடாச மாட்டோம். ஆர் போட்டு, திரும்ப முந்தின வேலைக்கு அனுப்புவோம். தட்டு குட்டைல வுழுந்தா இங்க வந்து மறுபடி வீசணும் போல."

"எல்லாப் பீசும் சரியாய்டுமா?"

"முக்காவாசி ஆவும்."

பெயின்ட் உதிர்ந்த அந்த 40-ம் முடித்து சிமென்ட் யானை மேல் உட்கார்ந்தோம். அடுத்து 50 இருக்க வேண்டும். கேட்டுக்குப் பக்கத்தில் தரையோடு அறுத்த கம்பம் மட்டும். முனுசாமிக்கும் தெரியவில்லை.

தேவி தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி, என்னைப் பார்க்காமல்:

"ஒம்பதாவது பி-ல நானும் இருவத்தஞ்சுதான்ப்பா. எல்லாரும் ஆறாவதுலேர்ந்து பத்து, இருவது, முப்பதுன்னு வரிசையா கீறாங்க. என்ன எடுத்தாந்து நடுவுல சொருவிட்டீங்க."

நான் கொசு அடித்தேன்.

24, சனி

கடைசி மணி வரைக்கும் ஓ.டி. ஏன் ஒத்துக்கொண்டேன் என்றால், வீட்டில் இருந்தால் வாய் திறந்துவிடுவேன்.

வந்ததும் தேவி கேட்டேவிட்டாள். சரசு அடுப்படியில்.

"நாளைக்கு அத்த வருது. நீ இன்னாப்பா சொல்ற? போவட்டுமா?"

என் வாயில் வந்தது, நான் மனப்பாடம் பண்ணி வைத்திருந்தது: "உன் இஷ்டம் கண்ணு."

முகம் சுருங்கிப்போனது. "இங்க வர்றப்போ என்ன யாரும் கேக்கல. இப்போ போறதுக்கு மட்டும் என் இஷ்டமா? நான் போனா ஒனக்கு ஒண்ணுமே இல்லியாப்பா?"

தட்டைச் சுவரில் சாய்த்துவிட்டு, போய்ப் படுத்துவிட்டாள். விளக்கு வைத்துக் கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை.

சரசுவிடம் சொன்னேன். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "நான் சும்மா இருங்கன்னு சொன்னது, அவளைப் போவாதன்னு அதட்டாதீங்கன்னு. இப்டி கல்லு மாதிரி நிக்கச் சொன்னேனா?"

குழம்பு ருசி தெரியவில்லை. உப்பு இருந்ததா என்று கேட்டாள். தெரியாது என்றேன்.

நான் நல்லவனாக இருந்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு அது அக்கறை இல்லாதவன் மாதிரி.

25, ஞாயிறு

வெயில், காற்று. அக்கா ஆவடியிலிருந்து முதல் பஸ். கையில் பலாச்சுளை, தேவிக்குப் புது ரிப்பன்.

இட்லிக்குத் தட்டு எடுக்கப் போன சரசு பரணிலிருந்து குரல் கொடுத்தாள். "எங்கண்ணன் கல்யாணத்துல குட்த்த தட்டு எங்க? மணிமங்கலம் தங்கராசுன்னு பேரு வெட்டுன தட்டு!"

நான் சட்னியைப் பார்த்தேன். தேவி என்னைப் பார்த்தாள். நேற்று ராத்திரியிலிருந்து கோபத்தில் இருந்த பெண், வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்குகிறது.

"நாய்கிட்ட கீதும்மா" என்றாள் கடைசியில்.

மச்சான் பெயரில் நாய் சோறு தின்கிறது என்பதை நான் விளக்கி முடிப்பதற்குள் அக்காவுக்குப் புரையேறிவிட்டது. சரசு பேசியதை இங்கே எழுத வேண்டியதில்லை.

இட்லி முடிந்தது. அக்கா கையைக் கழுவிவிட்டு, நேராக: "சரி, சொல்லு தேவி. வர்றியா?"

தேவி என்னைத்தான் பார்த்தாள்.

"போவாத" என்றேன். "நீ போனா எனக்கு ஒரு மாதிரி ஆய்டும். இங்க வர்றப்போ ஒன்னக் கேக்காதது தப்பு. ஆனா போவாத. போய்த்தான் ஆவணும்னா நானே கூட்டிகினு வந்து வுடுறேன். எனக்கு இஷ்டமில்லன்னு தெரிஞ்சுகினு போ."

"டேய் ஏகாம்பரம், அவளக் கேட்டா நீ பேசுறியே?"

"நேத்து அவதான்க்கா என்னக் கேட்டா. நான் பதில் சொல்லல."

தேவி ரிப்பனை விரலில் சுற்றிப் பிரித்தாள்.

"அத்த, அரையாண்டு வரைக்கும் இங்க பாக்குறேன். அப்பவும் அந்தப் பொண்ணுங்க பேசலன்னா நானே வர்றேன். ஹெட்மிஸ்ட்ரஸ் ஒத்துக்கலன்னா நீங்க சண்ட போடுங்க."

"போடறேன். ரிப்பன நீயே வெச்சுக்கோ" என்றாள் அக்கா. முகத்தில் கொஞ்சம் ஏமாற்றம், கொஞ்சம் இன்னொன்று.

சாயந்திரம் அக்காவை பஸ் ஏற்ற எல்லோரும் போனோம். தேவி கையில் ஆரஞ்சுத் தட்டு. சரசு வழியில் பூங்காவுக்குள் நுழைந்து, நாயிடமிருந்து தட்டைப் பிடுங்கினாள். நாய் கொஞ்ச தூரம் கூடவே வந்தது.

பூங்கா கேட்டுக்கு எதிரே டீக்கடை. பஸ்ஸுக்காக நின்றபோது, கடைக்காரர் கிளாஸ் கழுவுகிற பாதி பேரலை தேவி குனிந்து பார்த்தாள். சேற்றைக் கையால் துடைத்தாள். மஞ்சள். 50.

"அப்பா!"

அதற்குள் கேட் வரை பின்னால் நடந்துபோய், மணிக்கட்டைச் சுண்டிவிட்டாள். தட்டு காற்றில் சாய்ந்து வந்து, பேரலுக்குள், கழுவுத் தண்ணீருக்குள், பொத்தென்று. கடைக்காரர் சட்டை முழுக்கத் தெறிப்பு.

"இன்னா பொண்ணும்மா இது! கிளாஸு ஒடஞ்சா யாரு குடுப்பா?"

நான் மன்னிப்புக் கேட்டேன். அக்கா, பஸ் படியில் ஏறியும் சிரிப்பு நிற்காமல், கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

திரும்பி வரும்போது தேவி: "அம்பதோட முடிஞ்சிருச்சாப்பா?"

"அவரு அம்பதோட ஊருக்குப் போய்ட்டாரு போல."

"அப்போ அறுவது நம்ம வூட்டு வாசல்ல வெச்சுக்கலாம். டீக்கடைலேர்ந்து வீசிகினே வந்துடலாம்."

"தெருவுல போறவங்க தலைல படும்டி" என்றாள் சரசு. தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தாள். பிறகு, "பேரல் எங்க கெடைக்கும்?" என்றாள்.

நாளை: மஞ்சள் பெயின்ட், கொஞ்சம். பழைய பேரல், ஸ்கிராப்பில் கேட்க. சைக்கிள் ரிம். செயின் (என்னுடையது இல்லை). நாய்க்கு அலுமினியத் தட்டு, பெயர் வெட்டாதது.